விடுதலையானவருக்கு ஊர் எது?

(ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "இன்டர்வியூ, வேலை வாய்ப்பு, சொந்தத் தொழில், இதைப் பற்றியெல்லாம் பேச ஏற்கெனவே ஆள் இருக்காங்க. நீ வேற ஏதாவது பேசுப்பா" என்றார். அவர் கொடுத்த சுதந்திரத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொள்ளப் போகிறேன். சிறையிலிருந்து விடுதலையாகியும் போக ஊர் இல்லாத சிலரைப் பற்றியும், அவர்களுக்கு இடம் கொடுத்த நாடுகளைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் ஓமன் நாட்டில் வேலை பார்க்கிறேன். பம்ப்பிங் ஸ்டேஷன்களை நிறுவி, ஓட்டிக் காட்டி, வாங்கியவரிடம் ஒப்படைக்கும் வேலை. 2025 ஜனவரி முதல் வாரத்தில் அங்கே ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் குவாண்டனாமோ ராணுவச் சிறையிலிருந்து 11 ஏமன் நாட்டுக்காரர்களை ஓமன் ஏற்றுக்கொண்டது என்று. எங்கள் சைட்டில் இருக்கும் மலையாளி ஃபோர்மேன் என்னிடம் கேட்டார்: "சாரே, குற்றம் செய்யலைன்னா அவங்களை அவங்க ஊருக்கே அனுப்பலாமே? இங்கே எதுக்குக் கொண்டு வர்றாங்க?" எனக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலதைத்தான் இங்கே சொல்கிறேன்.

குவாண்டனாமோ என்பது கியூபாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள ஒரு விரிகுடா. 1903-ல் அமெரிக்கா அதைக் குத்தகைக்கு எடுத்தது. வருஷ வாடகை நாலாயிரத்துச் சொச்சம் டாலர். 1959-ல் புரட்சி நடந்தபின் ஒரே ஒரு காசோலை மட்டும் பணமானது, அதற்குப் பிறகு கியூபா எதையும் பணமாக்கவில்லை. நம்ம ஊரில் வாடகையை வாங்க மறுத்தால் வழக்கு என்ன ஆகும் என்று வக்கீல் நண்பர்கள் யாராவது சொல்லுங்கள். அமெரிக்க மண்ணும் இல்லை, கியூபாவின் சட்டமும் அங்கே செல்லாது. அப்படிப்பட்ட இடத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, 2002 ஜனவரி 11 அன்று முதல் 20 பேரைக் கொண்டுபோய் வைத்தார்கள். மொத்தத்தில் சுமார் 780 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். ராணுவ விசாரணை மன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மிகப் பெரும்பாலோர் மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. 2001-ல் ஆப்கானிஸ்தான் போர் தொடங்கியதும், ஆளைப் பிடித்துக் கொடுத்தால் பணம் என்று துண்டுப் பிரசுரங்களை விமானத்திலிருந்து போட்டார்கள். பிடித்துக் கொடுக்கப்பட்டவர்களில் போராளியும் இருந்தான், போக்கிடம் இல்லாமல் அலைந்தவனும் இருந்தான்.

ஒருவழியாக, "இவரை வைத்திருக்க வேண்டியதில்லை" என்று அமெரிக்க அரசே முடிவு செய்கிறது என்று வையுங்கள். சவூதிக்காரரை சவூதிக்கும், பாகிஸ்தான்காரரை பாகிஸ்தானுக்கும் அனுப்பினார்கள். பெரும்பாலோர் அப்படித்தான் வீடு திரும்பினார்கள். சிலரை அனுப்ப முடியாது. சொந்த நாட்டில் இறங்கியவுடன் சித்திரவதை காத்திருக்கும் என்றால் அனுப்பக் கூடாது என்பது ஐ.நா.வின் 1984-ம் வருஷத்து ஒப்பந்தம், அமெரிக்காவும் அதில் கையெழுத்துப் போட்ட நாடு. சிரியா, லிபியா, துனிசியா, உஸ்பெகிஸ்தான், சீனா என்று பல நாட்டுக்காரர்கள் இந்த நிலையில் இருந்தார்கள். ஏமனுக்கு அனுப்பாததற்குக் காரணம் வேறு. அங்கே உள்நாட்டுப் போர், அனுப்பக் கூடாது என்று அமெரிக்கச் சட்டமே தடுத்தது. அமெரிக்காவுக்குள்ளும் விட மாட்டோம் என்றால் மூன்றாவதாக ஒரு நாட்டைத்தான் கேட்க வேண்டும். சுமார் முப்பது நாடுகள் இப்படிச் சிலரை ஏற்றுக்கொண்டன.

இதில் வீகர் முஸ்லிம்களின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கதைக்கும் அது ஒரு சாம்பிள். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியைச் சேர்ந்த 22 பேர். சீன அரசிடமிருந்து தப்பி ஆப்கானிஸ்தானில் இருந்தவர்கள். குண்டு விழ ஆரம்பித்ததும் மலையைத் தாண்டி பாகிஸ்தானுக்குப் போனார்கள். அங்கே பெரும்பாலோரை ஆளுக்கு 5,000 டாலர் என்று விற்றுவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவோடு இவர்களுக்குப் பகை எதுவும் இல்லை என்பது ராணுவத்துக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. சீனாவுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். ஆகவே உள்ளேயே இருந்தார்கள்.

அவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள். 2005 டிசம்பரில் ஒரு நீதிபதி, "இவர்களை அடைத்து வைத்திருப்பது சட்டவிரோதம்தான், ஆனால் விடுவிக்க உத்தரவிடும் அதிகாரம் எனக்கு இல்லை" என்று தீர்ப்பளித்தார். கேட்டீங்களா! நோயைக் கண்டுபிடித்துவிட்டு மருந்து எழுத எனக்கு அனுமதி இல்லை என்று டாக்டர் சொல்வது மாதிரி. அப்பீல் 2006 மே 8-ம் தேதி விசாரணைக்கு வர இருந்தது. மூன்று நாள் முன்னால், மே 5-ம் தேதி, ஐந்து பேரை விமானத்தில் ஏற்றி அல்பேனியாவில் இறக்கிவிட்டார்கள். வழக்கு தானாகவே முடிந்து போனது. நூறுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கேட்டுப் பார்த்ததாகவும், அல்பேனியா மட்டும்தான் சரி என்றதாகவும் அமெரிக்கத் தரப்பில் சொன்னார்கள். ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்று அது. சீனா உடனே ஆட்சேபணை தெரிவித்தது. அல்பேனியா திருப்பி அனுப்பவில்லை, அதற்காக அந்த நாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் வந்தவர்களுக்கு அங்கே மொழி தெரியாது, வீகர் இனத்தவர் வேறு யாரும் கிடையாது. தலைநகர் டிரானாவில் அகதிகள் முகாம் ஒன்றில் தங்கினார்கள். ஒருவர் பீட்ஸா போடக் கற்றுக்கொண்டு பிழைத்தார். இன்னொருவர் பின்னாளில் ஸ்வீடனில் இருக்கும் தன் சகோதரியிடம் போய்ச் சேர்ந்து அங்கே அடைக்கலம் பெற்றார்.

மீதி 17 பேர். 2008 அக்டோபர் 7-ம் தேதி ரிக்கார்டோ உர்பினா என்ற நீதிபதி, இவர்களை அமெரிக்காவுக்குள்ளேயே விடுவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வாஷிங்டன் பக்கத்தில் வாழும் வீகர் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக முன்வந்தன. மேல் நீதிமன்றம் 2009 பிப்ரவரியில் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஜெர்மனியில் வீகர் மக்கள் அதிகம் வாழும் மூனிக் நகரசபை, 17 பேரையும் எங்களிடம் அனுப்புங்கள் என்று தீர்மானம் போட்டது. ஜெர்மன் மத்திய அரசு நகரவில்லை. அதிபர் ஒபாமா பதவியேற்ற இரண்டாம் நாள், 2009 ஜனவரி 22 அன்று, ஒரு வருஷத்தில் சிறையை மூடுவேன் என்று கையெழுத்துப் போட்டவர். முதலில் இரண்டு வீகர்களை வர்ஜீனியாவில் குடியமர்த்தலாம் என்று அவருடைய ஆட்கள் திட்டம் போட்டார்கள். விஷயம் வெளியே கசிந்து எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். அந்த மே மாதம், மூடுவதற்குப் பணம் தர முடியாது என்று செனட் சபை 90-க்கு 6 என்ற கணக்கில் ஓட்டுப் போட்டது. கைதிகள் யாரும் அமெரிக்க மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று பிறகு வருஷா வருஷம் சட்டமே போட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த இரண்டு பேரை வர்ஜீனியாவில் அன்றைக்கே குடியமர்த்தியிருந்தால் மற்ற நாடுகளிடம் கேட்பதற்கு ஒரு முகம் இருந்திருக்கும். "எங்கள் வீட்டுக்கு வேண்டாம், உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் யார்தான் யோசிக்க மாட்டார்கள்?

அப்படியும் யோசிக்காமல் சரி என்று சொன்னவை குட்டி நாடுகள். 2009 ஜூனில் நாலு பேர் பெர்முடா தீவுக்குப் போனார்கள். அது பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்டது. அங்கே பிரதமராக இருந்த எவர்ட் பிரவுன், பிரிட்டிஷ் கவர்னரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காரியத்தை முடித்துவிட்டார். லண்டனுக்குக் கோபம், தீவிலேயே ஆர்ப்பாட்டம், நம்பிக்கையில்லாத் தீர்மானம். அவர் செய்த முறை சரியில்லை என்பேன், செய்த காரியம் சரி என்பேன். வந்த நாலு பேருக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன. ஆனால் பாஸ்போர்ட் கிடையாது. பிரிட்டன் கொடுக்காமல் பெர்முடா கொடுக்க முடியாது, பிரிட்டனைத்தான் யாரும் கேட்கவில்லையே! பிறந்த பிள்ளைகளுக்கும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. அக்கரையில் உள்ள உறவினரைப் பார்க்கக்கூட அந்தத் தீவை விட்டு நகர முடியாது. 2018-ல்தான் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. ஒன்பது வருஷம்.

ஆறு பேர் 2009 கடைசியில் பசிபிக் கடலில் உள்ள பலாவ் நாட்டுக்குப் போனார்கள். மொத்த ஜனத்தொகையே சுமார் இருபதாயிரம். சீனாவோடு அதற்கு ராஜாங்க உறவு இல்லை, தைவானோடுதான் உண்டு, அதனால் சீனாவின் மிரட்டல் அங்கே எடுபடவில்லை. ஆனால் பலாவ் நாட்டு அரசியல் சட்டப்படி, அந்த மண்ணின் வம்சாவளியினருக்கு மட்டும்தான் குடியுரிமை. ஆகவே ஆரம்பத்திலிருந்தே அது தற்காலிக ஏற்பாடு என்றுதான் பேச்சு. நிரந்தரமாக எங்கே என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. சில வருஷங்களில் ஒவ்வொருவராக அந்தத் தீவை விட்டுப் போய்விட்டார்கள்.

இந்த 17 பேரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். தம்பி ஊரை விட்டுப் போய்விட்டான், தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வா என்று வீட்டில் சொல்லி அனுப்ப, அண்ணன் ஆப்கானிஸ்தானுக்குப் போனார். இருவரும் குவாண்டனாமோவில்தான் ஒன்று சேர்ந்தார்கள். தனிமைச் சிறையில் அண்ணனுக்கு மனநிலை பாதிக்கப்பட்டது. பலாவ் நாடு தம்பிக்கு இடம் தந்தது, அண்ணனுக்குத் தரவில்லை. தம்பி, "அண்ணனை விட்டுவிட்டு நான் போக மாட்டேன்" என்று விடுதலையையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லைங்க. கடைசியில் சுவிட்சர்லாந்தில் ஜூரா என்ற சின்ன மாநிலம், சீனாவின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், 2010 மார்ச்சில் இருவரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 2012-ல் இரண்டு பேர் எல் சால்வடோருக்கும், 2013-ன் கடைசி நாளில் மீதி மூன்று பேர் ஸ்லோவாக்கியாவுக்கும் போனார்கள். குற்றம் இல்லை என்று தெரிந்தபிறகு 22 பேருக்கு இடம் தேட ஆன காலத்தை நீங்களே கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

இந்த இடம் தேடும் வேலைக்கென்றே அமெரிக்க வெளியுறவுத் துறையில் 2009-ல் ஒரு தனித் தூதரை நியமித்தார்கள். டேனியல் ஃப்ரீட் என்பவர் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஆளுக்கும் பேரம் பேசினார். 2010-ல் வெளியான ரகசியத் தந்திகளில் அந்தப் பேரங்கள் சில தெரிந்தன. ஒபாமாவைச் சந்திக்க வேண்டுமா, ஒரு கைதியை எடுத்துக்கொள் என்று ஸ்லோவேனியாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கிரிபாட்டி என்ற பவளத்தீவு நாட்டுக்குக் கோடிக்கணக்கில் பண ஆசை காட்டப்பட்டிருந்தது. போர்ச்சுகல், அயர்லாந்து, ஸ்பெயின், பல்கேரியா, ஜார்ஜியா, கேப் வெர்டே என்று ஒன்று, இரண்டு, மூன்று பேராக எடுத்துக்கொண்ட நாடுகளின் பட்டியல் நீளம், அதை இங்கே படிக்கவில்லை.

இப்போது என் தொழிலைப் பற்றி ஒரு நிமிஷம். நாங்கள் ஒரு பம்ப்பிங் ஸ்டேஷனை ஓட்டிக் காட்டி சாவியைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடாது. டிராயிங், மேனுவல், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் கணக்காகக் கொடுக்க வேண்டும். பாக்கி வேலைகளுக்கு ஒரு பஞ்ச் லிஸ்ட் உண்டு. அதற்கு மேல் ஒரு வருஷம், எது பழுதானாலும் போட்டவன்தான் வந்து சரி செய்ய வேண்டும், ஒப்பந்தத்திலேயே இருக்கும், பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். மனிதர்களை ஒப்படைத்த இந்த ஒப்பந்தங்களில் அந்தப் பகுதி எப்படி இருந்தது என்று தேடினேன். இரண்டு அரசுகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ரகசியக் கடிதங்கள் அவை. கண்காணிப்பு எத்தனை வருஷம், பயணத் தடை எத்தனை வருஷம் என்பதில் கவனமாக இருந்தார்கள். சம்பந்தப்பட்ட ஆளுக்கு அதன் நகல் கிடையாது. தங்க அனுமதி எத்தனை நாளைக்கு, மனைவி மக்கள் வரலாமா, வைத்தியச் செலவு யாருடையது, நாடு வாக்கு மாறினால் யாரிடம் முறையிடுவது என்பதற்கெல்லாம் அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

சீட்டு என்ன பெரிய சீட்டு என்று இங்கே இருக்கும் தம்பிகள் நினைக்கக் கூடாது. வளைகுடாவில் வேலை பார்த்த அண்ணன்மார் இந்த ஹாலில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். என் முதல் வேலையில், பெயர் வேண்டாம், கம்பெனி என் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வந்தது. பாஸ்போர்ட் கைக்கு வர ஒன்பது நாள் ஆனது. அப்பா பிழைத்துக்கொண்டார், இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் போக ஒரு நாடு இருந்தது, அந்த நாட்டுக்கு அங்கே ஒரு தூதரகமும் இருந்தது. அப்படியிருந்தே அந்த ஒன்பது நாள் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும்.

உருகுவே நாட்டுக்கு வருகிறேன். 2014 டிசம்பரில் ஆறு பேரை அது ஏற்றுக்கொண்டது. நாலு சிரியாக்காரர்கள், ஒரு துனிசியர், ஒரு பாலஸ்தீனியர். அப்போது அதிபராக இருந்த ஹோசே முஹிக்கா, தானே ராணுவ ஆட்சியில் சுமார் 13 வருஷம் சிறையில், அதில் பல வருஷம் தனிமையில் கிடந்தவர். இவர்கள் பயங்கரவாதத்தில் ஈடுபட்டதாக எங்களிடம் எந்தத் தகவலும் இல்லை என்று அமெரிக்கத் தூதரிடமிருந்து எழுத்தில் வாங்கி, அந்தக் கடிதத்தை ஊரறிய வெளியிட்டார். நான் படித்த வரையில் இவ்வளவு மரியாதையாக வரவேற்ற நாடு அதிகம் இல்லை. வந்த நாள் முதல் அவர்கள் அகதிகள், ஜெயில் கிடையாது, தொழிற்சங்கம் ஒரு வீட்டைத் தங்கக் கொடுத்தது.

அங்கேயும் தகராறு வந்தது. ஸ்பானிய மொழி வராது, கொடுத்த உதவிப் பணம் குடும்பத்தைக் கூப்பிடப் போதாது. சில மாதத்திலேயே மொந்தேவிதேயோவில் அமெரிக்கத் தூதரக வாசலில் உட்கார்ந்து போராட்டம் செய்தார்கள். 'எங்களைப் பன்னிரண்டு வருஷம் அடைத்து வைத்தவன்தான் இழப்பீடு தர வேண்டும், இந்த ஏழை நாடு எதற்குத் தர வேண்டும்?' என்பது அவர்கள் பக்கத்து நியாயம். அமெரிக்கா யாருக்கும் இழப்பீடு தரவில்லை. முஹிக்காவே ஒரு கட்டத்தில், இவர்கள் வேலைக்குப் போகத் தயங்குகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். ஊர்க்காரர்களும் நன்றி கெட்டவர்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு முஹிக்காமேல் மிகுந்த மரியாதை உண்டு, 2025 மே மாதம் அவர் இறந்தபோது வருத்தப்பட்டவன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் உண்ணாவிரதம் இருந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வலுக்கட்டாயமாக உணவு ஏற்றப்பட்டு, ஊன்றுகோலோடு வந்து இறங்கியவர். அவருடைய குடும்பம் சிரியாப் போரிலிருந்து தப்பி துருக்கியில் இருந்தது. 2016-ல் சொல்லாமல் கொள்ளாமல் எல்லை தாண்டி வெனிசுவேலாவுக்குப் போய், குடும்பத்திடம் அனுப்புங்கள் என்று கேட்டார். பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அதை ஓடிப்போன பயங்கரவாதி என்று பத்திரிகைகள் எழுதின. பொண்டாட்டி பிள்ளையைப் பார்க்கப் போன மனுஷன் அவர்.

மறுபக்க வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். வெளியே விட்டால் மறுபடி ஆயுதம் எடுக்க மாட்டார்களா என்பது நியாயமான பயம், சிலர் எடுத்தும் இருக்கிறார்கள். ஆரம்ப வருஷங்களில் கூட்டம் கூட்டமாக அனுப்பியவர்களில் அந்த விகிதம் அதிகம். 2009-க்குப் பிறகு, ஒவ்வொரு கோப்பாகப் பரிசீலித்து, போகும் நாட்டையும் பார்த்து அனுப்பியவர்களில் அப்படி உறுதியானவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்று அமெரிக்க உளவுத்துறைத் தலைமை அலுவலகத்தின் அறிக்கைகளே சொல்கின்றன. ஒப்படைக்கும் வேலையைச் சிரத்தையாகச் செய்ததற்குப் பலன் இருந்திருக்கிறது.

அந்த வேலையைச் செய்த அலுவலகம் டிரம்ப் அதிபரான பிறகு இல்லாமல் போனது. அதன் பலனும் சீக்கிரமே தெரிந்தது. செனகல் நாடு 2016-ல் இரண்டு லிபியர்களை ஏற்றுக்கொண்டிருந்தது. சரியாக இரண்டு வருஷம் முடிந்ததும், 2018 ஏப்ரலில், போர் நடந்துகொண்டிருந்த லிபியாவுக்கே அவர்களை அனுப்பிவிட்டது. லிபியாவுக்கு அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் செனகலையே கேட்டார்கள்! இறங்கியபின் அவர்களைப் பற்றி வெகுநாள் தகவலே இல்லை. போன் செய்து கேட்பதற்கு வாஷிங்டனில் ஒரு நாற்காலிகூட இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2015-லிருந்து 2017 வரை 23 பேரை எடுத்தது. மறுவாழ்வுப் பயிற்சி, பிறகு வேலை, குடும்பம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். அங்கேயும் சிறையில்தான் வைத்தார்கள். ஏமன்காரர்களைப் போர் நடக்கும் ஏமனுக்கு வலுக்கட்டாயமாக அனுப்பப் போகிறார்கள் என்று 2020-ல் ஐ.நா. நிபுணர்கள் எச்சரித்தார்கள். அப்படியே நடந்தது. கஜகஸ்தானுக்குப் போன ஐந்து பேரில் ஒரு ஏமன்காரர், வந்த நாலைந்து மாதத்தில் சிறுநீரகக் கோளாறால் இறந்து போனார்.

கானா நாட்டில் மட்டும் ஒரு வித்தியாசம். 2016-ல் இரண்டு ஏமன்காரர்களை அரசு ஏற்றுக்கொண்டது. பாராளுமன்றத்தைக் கேட்காமல் எப்படி ஒப்பந்தம் போடலாம் என்று குடிமக்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் செல்லாது, பாராளுமன்ற ஒப்புதல் வாங்கு அல்லது திருப்பி அனுப்பு என்றது. அரசு சபையில் வைத்து ஒப்புதல் வாங்கியது. வழக்குப் போட்டவர்களின் நோக்கம் அவர்களை வெளியேற்றுவது, ஆனால் கிடைத்தது அந்த இருவருக்கும் ஒரு பலம். ரகசியக் கடிதத்தில் இருந்த ஏற்பாடு சபைக் குறிப்பில் ஏறிவிட்டது அல்லவா?

2023-ல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபியோனுவாலா நி ஒயலான் குவாண்டனாமோவுக்குள் அனுமதிக்கப்பட்டார். அப்படி அனுமதிக்கப்பட்ட முதல் ஐ.நா. நிபுணர் அவர். மூன்றாம் நாடுகளுக்கு அனுப்பப்பட்டவர்களில், தகவல் கிடைத்தவர்களை வைத்துப் பார்த்தால், நூற்றுக்கு 30 பேருக்கு முறையான சட்ட அந்தஸ்தே கொடுக்கப்படவில்லை என்று அவருடைய அறிக்கை சொன்னது.

சரியாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். 2023 பிப்ரவரியில் மத்திய அமெரிக்காவில் உள்ள பெலீஸ், நாலு லட்சம் பேர் வாழும் நாடு, மஜீத் கான் என்ற பாகிஸ்தானியரை ஏற்றுக்கொண்டது. இவர் குற்றமற்றவர் அல்ல. அல் காய்தாவுக்கு உதவியதை ஒப்புக்கொண்டு, தண்டனையை முடித்தவர். உளவுத்துறையின் ரகசியச் சிறைகளில் தனக்கு நடந்த கொடுமைகளை 2021-ல் அவர் மன்றத்தில் விவரித்ததைக் கேட்ட எட்டு ராணுவ நடுவர்களில் ஏழு பேர், கருணை காட்டச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். பெலீஸ் அரசு அவர் வந்த அன்றே மக்களிடம் வெளிப்படையாக அறிவித்தது. யார் இவர், ஏன் ஏற்றோம், அவருடைய மனைவியும், அவர் பிடிபட்ட பிறகு பிறந்த மகளும் வந்து சேர்வார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னது.

கடைசியாக ஓமன். நான் உப்புத் தின்கிற நாடு, ஆகவே நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். 2015 முதல் 2017 வரை அந்த நாடு 30 பேரை ஏற்றது, அதில் 28 பேர் ஏமன்காரர்கள். வீடு கொடுத்தது, உதவிப் பணம் கொடுத்தது, பலர் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றார்கள். மொழி ஒன்று, மதம் ஒன்று, எல்லைக்கு அந்தப்பக்கம் சொந்த ஊர். மற்ற எந்த நாட்டையும்விட நன்றாகவே வைத்திருந்தது என்று விடுதலையானவர்களுக்கு உதவும் வக்கீல்களே சொன்னார்கள். 2024-ல் அந்த ஏமன்காரர்களை ஏமனுக்கு அனுப்பிவிட்டதாகச் செய்திகள் வந்தன. போக விருப்பமில்லாதவர்களும் அதில் உண்டு. அடுத்த வருஷ ஜனவரியில்தான் புதிதாக 11 பேர் வந்து இறங்கினார்கள். அவர்கள் 2023 அக்டோபரிலேயே வர வேண்டியவர்கள். விமானம்கூடத் தயாராக இருந்தது. காஸா போர் தொடங்கியதால் நிறுத்தி, இன்னும் பதினைந்து மாதம் உள்ளேயே வைத்துவிட்டார்கள். இந்த 11 பேரின் தங்க அனுமதி எத்தனை வருஷத்துக்கு என்பது பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை.

இவர்கள் கிளம்பியபின் குவாண்டனாமோவில் மீதி 15 பேர். அதில் மூன்று பேருக்கு அப்போதே வெளியே போக அனுமதி உண்டு. ஏற்றுக்கொள்ள நாடுதான் இல்லை. அந்த மூவரில் ஒருவர் ரோஹிங்கியா இனத்தவர், எந்த நாட்டின் குடிமகனும் இல்லை. இவரை அனுப்பிவிடலாம் என்று அமெரிக்க அரசின் குழு 2010-லேயே எழுதிவிட்டது.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார், சாம்பார் ஆறுகிறது என்று அர்த்தம். கேள்வி இருக்கிறவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருங்கள், பேசலாம்.